ஷாக் இல்லாத சைக்கிள்: நாலு வாதங்களும் ஒரு காரணமும்

மவுண்டன் பைக் என்று நான் இங்கே எழுதுவது மிதிக்கிற சைக்கிளைப் பற்றி. நம்மூரில் பைக் என்றால் பெட்ரோல் போடுவது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மலைப்பாதைக்குச் செய்த சைக்கிள்களில் மூன்று வகை உண்டு. முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டுக்கும் ஷாக் இருந்தால் ஃபுல் சஸ்பென்ஷன். முன் ஃபோர்க்கில் மட்டும் இருந்தால் ஹார்ட்டெயில். இரண்டிலும் இல்லையென்றால் ரிஜிட். ரிஜிட்டில் முன் ஃபோர்க் என்பது வெறும் இரண்டு கால்கள், அவ்வளவுதான். ஸ்பிரிங் கிடையாது, ஆயில் கிடையாது, அசையாது.

இந்த மூன்றாவது வகை 1990களோடு முடிந்துபோயிருக்க வேண்டியது. முடியவில்லை. சர்லி, ஜோன்ஸ் போன்ற அமெரிக்கக் கம்பெனிகள் வேண்டுமென்றே ஷாக் இல்லாத மவுண்டன் பைக்குகளைச் செய்து விற்கின்றன. அதை வாங்குகிறவர்களில் பலர் ஷாக் வாங்கக் காசில்லாதவர்கள் இல்லை. வீட்டில் ஷாக் வைத்த சைக்கிள் ஒன்றையும் வைத்துக்கொண்டு இதையும் வாங்குகிறவர்கள்.

ஏன்? கேட்டால் நாலு பதில் வரும். ஒன்று, இதுதான் அசல். இரண்டு, இதில் ஓட்டினால்தான் ஓட்டவே கத்துக்க முடியும். மூன்று, ரிப்பேர் தொல்லை கிடையாது. நாலு, தரையை நேரடியாக உணரலாம்.

என்னிடம் ஒரு ஸ்டீல் ரிஜிட்டும் ஒரு ஹார்ட்டெயிலும் இருக்கின்றன. அதிகம் எடுப்பது ரிஜிட்டைத்தான். ஆகவே இந்த நாலு பதில்களையும் நான் ஒப்புக்கொள்வேன் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். ஆனால் யோசித்துப் பார்த்தால் முதல் இரண்டும் நிற்காது. மூன்றாவது பாதி நிற்கும். நாலாவதைச் சொல்கிற விதத்தை மாற்றினால் நிற்கும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அசல் என்ற வாதம்

கலிஃபோர்னியாவில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்டி. அங்கே டமால்பைஸ் என்று ஒரு மலை. 1970களில் அந்தப் பக்கத்து இளைஞர்கள் சிலர், 1930களிலும் 40களிலும் வந்த ஷ்வின் எக்செல்சியர் மாதிரியான பழைய சைக்கிள்களைத் தேடி வாங்கினார்கள். மட்கார்டு, செயின் கவர் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டார்கள். மேலே கொண்டுபோய் இறக்கத்தில் விட்டார்கள். அந்தச் சைக்கிள்களுக்கு அவர்கள் வைத்த பேர் கிளங்கர். நம்ம பாஷையில் டப்பா வண்டி.

1976 அக்டோபர் 21 அன்று ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிறிய ஊருக்குப் பக்கத்தில், காட்டுத்தீயை அணைக்கப் போகிற வண்டிகளுக்காகப் போட்ட மண்சாலையில் முதல் போட்டி நடந்தது. சுமார் 3.4 கிலோமீட்டர் தூரத்தில் 400 மீட்டர் இறக்கம். அந்தச் சைக்கிள்களில் பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிடிக்கிற கோஸ்டர் பிரேக்தான். இறங்கி முடிப்பதற்குள் ஹப் சூடாகி உள்ளேயிருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். ஆங்கிலத்தில் இந்த வேலைக்கு ரீபேக் என்று பெயர். பாதைக்கும் அதுவே பெயராகிவிட்டது.

போட்டியை நடத்தியவர் சார்லி கெல்லி. கேரி ஃபிஷர் 4 நிமிடம் 22 வினாடியில் இறங்கினார், அதுதான் அங்கே சாதனை. ஜோ ப்ரீஸ் 1977இல் இந்த வேலைக்கென்றே புதிதாக ஒரு ஃப்ரேம் செய்தார். 1979இல் டாம் ரிட்ச்சி செய்த ஃப்ரேம்களை வைத்து கெல்லியும் ஃபிஷரும் விற்பனையைத் தொடங்கினார்கள். இதுதான் மவுண்டன் பைக்கின் பிறப்புக்கதை. இந்தக் கதையில் ஷாக் எங்கேயும் வராது. அதனால் ரிஜிட்தான் அசல், மற்றதெல்லாம் பிற்சேர்க்கை அப்படின்னு சொல்றாங்க.

ஆனால் அந்த இளைஞர்கள் எதைத் தேடிப் போனார்கள் என்று பாருங்கள். அப்போது அமெரிக்கக் கடைகளில் மெல்லிய டயர் போட்ட பத்து கியர் ரேஸ் சைக்கிள்கள் தாராளமாகக் கிடைத்தன. அதையெல்லாம் விட்டுவிட்டு முப்பது நாற்பது வருடப் பழைய சைக்கிளை ஏன் எடுத்தார்கள்? அதில் 2.125 அங்குல பலூன் டயர் இருந்தது, ஃப்ரேம் உடையாது. அதாவது கையில் கிடைத்ததிலேயே மெத்தென்று போகக்கூடியதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

இன்னும் மெத்தென்ற ஒன்று வந்தபோது என்ன செய்தார்கள்? 1989இல் பால் டர்னரின் ராக்‌ஷாக்ஸ் கம்பெனி ஆர்எஸ்-1 என்ற ஃபோர்க்கைக் கொண்டுவந்தது. சுமார் 5 சென்டிமீட்டர்தான் அமுங்கும். 1990இல் கொலராடோவின் டுராங்கோவில் முதல் அதிகாரபூர்வ உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது. இறக்கப் போட்டியில் ஜெயித்த கிரெக் ஹெர்போல்டின் சைக்கிளில் ராக்‌ஷாக்ஸ் ஃபோர்க். அதற்குப் பிறகு சில வருடங்களிலேயே போட்டிகளில் ரிஜிட் அரிதாகிவிட்டது. ரீபேக் சாதனையை வைத்திருக்கும் அதே கேரி ஃபிஷரின் பெயரில் 1992இல் ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிளே வந்தது.

அவர்கள் ரிஜிட்டில் ஓட்டியது கொள்கையால் இல்லை. அன்றைக்கு ஒழுங்காக வேலை செய்கிற வேறொன்று கையில் இல்லை, அவ்வளவுதான். தாத்தா காலத்தில் மிக்ஸி இல்லாததால் அம்மியில் அரைத்தார்கள். அம்மிச் சட்னி ருசியாக இருக்கலாம், அது வேறு விஷயம். தாத்தா மிக்ஸியை எதிர்த்தார் என்று சொல்ல முடியாது இல்லையா?

காற்று என்ற ஸ்பிரிங்

மரினுக்கு முன்னால் போனால் கதை இன்னும் சுவாரசியமாக இருக்கிறது. சைக்கிளுக்கு ஸ்பிரிங் வைப்பது 1990இன் கண்டுபிடிப்பே இல்லை. லண்டனில் லின்லி அண்ட் பிக்ஸ் கம்பெனி 1885இலேயே விப்பெட் என்று ஒரு சைக்கிள் செய்தது. சீட், ஹேண்டில்பார், பெடல் மூன்றும் ஒரு கூட்டாக இருக்கும், அந்தக் கூட்டை ஸ்பிரிங் தாங்கும். அப்போதெல்லாம் டயர் என்றால் கெட்டி ரப்பர். கருங்கல் பாவிய தெருக்களில் அதை ஓட்டுவது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

1888இல் பெல்ஃபாஸ்டில் இருந்த ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். அதே யோசனைக்கு ராபர்ட் தாம்சன் என்பவர் 1845இலேயே காப்புரிமை வாங்கியிருந்தார் என்பது தனிக்கதை. டன்லப் டயர் வந்ததும் சில வருடங்களில் ஸ்பிரிங் வைத்த ஃப்ரேம்கள் காணாமல் போய்விட்டன. காற்றே அந்த வேலையைச் செய்துவிட்டது.

இதைப் பற்றி டிரெவர் பின்ச், வீபே பைக்கர் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1984இல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. தொழில்நுட்ப வரலாறு படிக்கிறவர்கள் எல்லோரும் எங்காவது அதைச் சந்தித்திருப்பார்கள். அவர்கள் கேட்கும் கேள்வி எளிமையானது: அதிர்வு என்பது யாருக்குப் பிரச்சினை? அன்றாடத் தேவைக்கு ஓட்டியவர்களுக்கு அது பிரச்சினை. பந்தயத்தில் ஓட்டிய இளைஞர்களுக்கு அது பிரச்சினையே இல்லை. குலுங்கினால் குலுங்கட்டும், அதுதானே வீரம்! அதனால் காற்று டயரை அவர்கள் முதலில் மதிக்கவில்லை. 1889இல் வில்லி ஹ்யூம் என்பவர் பெல்ஃபாஸ்டில் அந்த டயரை மாட்டிப் பந்தயங்களில் ஜெயித்தார். அதுவரை குலுங்கலுக்கு மருந்தாக இருந்த பொருள் வேகத்துக்கு மருந்தாகிவிட்டது. பிறகு சிரிப்பதற்கு யாரும் இல்லை.

நூறு வருடம் கழித்து டுராங்கோவில் நடந்தது கிட்டத்தட்ட இதே நாடகம்தான்.

இதிலிருந்து ரிஜிட் பற்றி ஒரு முக்கியமான விஷயம் தெரிகிறது. ‘ஷாக் இல்லாத சைக்கிள்’ என்று நான் தலைப்பு வைத்திருந்தாலும், ஸ்பிரிங் இல்லாத சைக்கிள் என்று ஒன்று இன்று கிடையாது. ரிஜிட்டின் ஸ்பிரிங் அதன் டயர். சர்லி கம்பெனி 2005இல் நாலு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான டயரோடு பக்ஸ்லியைக் கொண்டுவந்தது, 2012இல் 29 அங்குலச் சக்கரத்தில் 3 அங்குல டயர் போட்ட கிராம்பஸ் வந்தது. ஆரகன் மாநிலத்தின் ஜெஃப் ஜோன்ஸ் செய்யும் சைக்கிள்கள் ரிஜிட்டாக ஓட்டுவதற்கென்றே வடிவமைத்தவை. இன்றைய ரிஜிட் மோகம் பெரும்பாலும் இந்தப் பெரிய டயர்களின் மீது நிற்கிறது. 3 அங்குல டயரில் ஆளின் எடையைப் பொறுத்து 12 முதல் 15 பிஎஸ்ஐ காற்று போதும். ட்யூப்லெஸ்ஸாக இருப்பதால் அவ்வளவு குறைவாக வைத்தாலும் ட்யூப் ரிம்மில் நசுங்கிப் பஞ்சராகும் பயம் இல்லை.

அடுத்த ஸ்பிரிங் ஓட்டுகிறவரின் முழங்கையும் முழங்காலும். பெடலில் எழுந்து நின்று முட்டியையும் கையையும் லேசாக மடக்கி வைத்தால், ஒரு சாண் உயரக் கல்லைக்கூட உடம்பு பெரிதாக அசையாமல் சைக்கிள் ஏறி இறங்கும்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் மறக்கக் கூடாது. நல்ல ஷாக்கில் இரண்டு வேலை நடக்கிறது. ஸ்பிரிங் அடியை வாங்குகிறது. டாம்பர், அதாவது சின்ன ஓட்டைகள் வழியாக ஆயிலைத் தள்ளுகிற பகுதி, அந்த அடியைச் சூடாக மாற்றி முடித்துவிடுகிறது. டாம்பர் இல்லாத ஸ்பிரிங் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும். பெரிய டயரும் அப்படித்தான். மெதுவாகப் போனால் மெத்தை, வேகமாகப் போனால் பந்து. ரிஜிட்டில் டாம்பர் வேலையைச் செய்வது நம் தசைகள்தான், அதற்கான விலையை உடம்பு கொடுக்கிறது. ஜான் ஹைனே தன்னுடைய பத்திரிகையான பைசிக்கிள் குவார்ட்டர்லியில் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார். தூங்கி வழிகிற டிரைவர்களை எழுப்புவதற்காக அமெரிக்க நெடுஞ்சாலை ஓரத்தில் வரிவரியாகப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். அதன்மேல் சைக்கிள் ஓட்டினால், பக்கத்திலிருக்கும் மழமழப்பான சாலையைவிட எவ்வளவோ அதிகமாக மிதிக்க வேண்டியிருக்கிறது. அதிர்வு ஓசியில் வருவதில்லை. நாம் மிதித்த சக்தியைத்தான் உடம்பு குலுங்கிக் குலுங்கித் தீர்க்கிறது.

கத்துக்கலாம் என்ற வாதம்

‘ரிஜிட்ல ஓட்டினாத்தான் லைன் பார்க்கத் தெரியும்.’ லைன் என்பது கல்லுக்கும் வேருக்கும் நடுவே சக்கரம் போக வேண்டிய வழி. இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ரிஜிட் தப்பை உடனே சொல்லிவிடும், சொல்வதும் சத்தமாகச் சொல்லும். முன்சக்கரத்தின் பாரத்தைத் தூக்குவது, இடுப்பைப் பின்னால் தள்ளுவது எல்லாம் சீக்கிரம் படியும்.

ஆனால் சஸ்பென்ஷன் எதற்கு என்பதையே இந்த வாதம் தவறாகப் புரிந்துகொள்கிறது. சொகுசு அதன் இரண்டாவது வேலை. முதல் வேலை டயரைத் தரையில் வைத்திருப்பது. காற்றில் இருக்கும் டயரில் பிரேக் பிடிக்காது, ஹேண்டில் திருப்பினால் திரும்பாது. சரளைக்கல் இறக்கத்தில் ரிஜிட்டின் முன்சக்கரம் தட்டித் தட்டித்தான் போகும், அந்தத் தட்டலுக்கு நடுவே கிடைக்கிற பிடிமானத்தில்தான் பிரேக் போட வேண்டும். ஆகவே ரிஜிட் ஓட்டுகிறவர் சீக்கிரமே பிரேக் பிடிக்கக் கத்துக்கொள்கிறார், கரடுமுரடானதைச் சுற்றிப் போகக் கத்துக்கொள்கிறார். நல்ல பழக்கங்கள்தான். ஆனால் அவை ரிஜிட்டுக்கான பழக்கங்கள். 160 மில்லிமீட்டர் அமுங்குகிற சைக்கிளில் பாறைகளுக்கு நேராக எப்போது விடலாம், உடம்பை எங்கே வைக்க வேண்டும் என்பது இன்னொரு கலை. அதை ரிஜிட் கத்துக்கொடுக்காது.

கஷ்டப்பட்டால்தான் கலை என்ற நம்பிக்கை நம்மிடம் எல்லாத் துறையிலும் இருக்கிறது. அடி வாங்கிக் கத்துக்கிட்டவர் அடியையும் சேர்த்துப் பாடமாக நினைத்துக்கொள்கிறார். இங்கே அது வெறும் பேச்சோடு போவதில்லை, உடம்பில் காட்டும். உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கமாக ஒரு நரம்பு போகிறது. ஹேண்டில்பாரில் மணிக்கணக்கில் சாய்ந்து குலுங்கினால் அது நசுங்கி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப் போகும். கவனிக்காமல் விட்டால் விரல்களின் பலமே குறையலாம். மருத்துவர்கள் இதற்கு சைக்கிள்காரர்களின் பெயரையே வைத்திருக்கிறார்கள். கல்பாதையில் இரண்டு மணி நேரம் போனால் எனக்கும் அந்த விரல்கள் மரத்துவிடும். அதோடு அன்றைய சவாரி முடிந்தது. மூட்டுவலிக்காரர், மணிக்கட்டு உடைந்து தேறியவர், அறுபது வயதில் மறுபடி சைக்கிள் ஏறியவர் இவர்களிடம் போய் ‘ஷாக் வெச்சா ஏமாத்து வேலை’ என்று சொல்வது அறியாமை. அவர்களில் பலர் மண்பாதைக்கு வர முடிவதே ஷாக்கினால்தான்.

தொல்லை இல்லை என்ற வாதம்

இது பாதி நிற்கும் என்று சொன்னேன். நிற்கிற பாதியை முதலில் பார்ப்போம். ராக்‌ஷாக்ஸ் தன் ஃபோர்க்குகளின் கீழ்ப்பகுதியை 50 மணி நேரம் ஓட்டியதும் கழற்றிச் சுத்தம் செய்து ஆயில் மாற்றச் சொல்கிறது. 200 மணி நேரத்துக்கு ஒருமுறை முழு சர்வீஸ். வாரம் ஐந்து மணி நேரம் ஓட்டுகிறவருக்குப் பத்து வாரத்துக்கு ஒருமுறை வேலை வரும். அதற்கு ஆயில் வேண்டும், சீல் வேண்டும், அந்த ஃபோர்க்குக்கென்று தனி பம்ப் வேண்டும். பெரிய நகரங்களைத் தாண்டினால் இதைச் செய்து கொடுக்க ஆள் தேட வேண்டும். நம் செம்மண் புழுதியில் சீல் படும் பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரிஜிட் ஃபோர்க்கில் இந்த வரியே கிடையாது. துடைத்தால் போதும்.

எடையும் குறைவு. சாதாரணமாக ஒரு ஷாக் ஃபோர்க் ஒன்றரை முதல் இரண்டு கிலோ. ஸ்டீல் ரிஜிட் ஃபோர்க் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, கார்பன் என்றால் இன்னும் குறையும். அதைவிட முக்கியம், ரிஜிட்டின் கோணம் மாறாது. ஷாக் ஃபோர்க் அமுங்கும்போது சைக்கிளின் மூக்கு கீழே போகிறது, ஹேண்டில்பாரைத் தாங்கும் குழாய் செங்குத்தாகிறது. அது அதிகம் அமுங்குவது இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது, அதாவது அப்படி ஆகவே கூடாத நேரத்தில். ரிஜிட் காலையில் எப்படித் திரும்பியதோ அப்படியே சாயங்காலமும் திரும்பும்.

(ஹார்ட்டெயிலின் ஷாக்கைக் கழற்றிவிட்டு ரிஜிட் ஃபோர்க் போட நினைப்பவர்களுக்கு: நீளம் பார்த்து வாங்குங்கள். ஷாக் ஃபோர்க்கின் உயரத்துக்குச் சமமாகச் செய்த ரிஜிட் ஃபோர்க்குகள் தனியாகக் கிடைக்கின்றன. குட்டையானதைப் போட்டால் மூக்கு குத்தி நிற்கும், இறக்கத்தில் பயமாக இருக்கும்.)

நிற்காத பாதி என்னவென்றால், செயின், கியர், டிஸ்க் பிரேக், ட்யூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் பால் இதெல்லாம் ரிஜிட்டிலும் உண்டு. இவையும் பராமரிப்பு கேட்பவைதான். ஒரு தலைவலி குறைகிறது, தலை அப்படியேதான் இருக்கிறது.

இந்த இடத்தில் நம் சைக்கிள் கடைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பத்துப் பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் பிள்ளைகளுக்கு வாங்கும் சைக்கிள்களில் முன்னால் ஷாக், சிலவற்றில் நடுவிலும் பளபளவென்று ஒரு ஷாக் இருக்கும். பெரும்பாலும் உள்ளே இருப்பது வெறும் சுருள் ஸ்பிரிங், டாம்பர் கிடையாது. மேலே சொன்ன பந்து கதைதான். பையன் ஏற்றத்தில் எழுந்து மிதித்தால் அவன் உழைப்பில் ஒரு பங்கு ஸ்பிரிங்கை அமுக்குவதற்கே போகும். எடை வேறு கூடும். அந்தக் காசை பிரேக்கிலும் சக்கரத்திலும் போட்ட ஒரு ரிஜிட் அதே விலையில் பல மடங்கு நல்ல சைக்கிளாக இருக்கும். ரிஜிட்டுக்கு ஆதரவாக நான் தயங்காமல் பேசுகிற இடம் இது. இங்கே அது ரசனையைப் பற்றிய பேச்சே இல்லை. வீட்டுக்காரர்கள் ஷாக்கைப் பார்த்துக் காசு கொடுக்கிறார்கள், பிள்ளை பாரத்தை இழுக்கிறது.

தரையை உணர்வது

கடைசி வாதத்துக்கு வருவோம். தரையை உணரலாம் என்கிறார்கள். குலுக்கல் என்பது தகவலா? மேடை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் பாட்டு நன்றாகக் கேட்கும் என்பது போல இருக்கிறது. ஒரு அளவுக்கு மேல் போனால் குலுக்கல் எல்லாவற்றையும் மறைத்துவிடும். கண்ணே சரியாகத் தெரியாது.

ஆனால் இந்த வாதத்துக்கு அடியில் சரியான ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன். அதை நான் இப்படிச் சொல்வேன்: கரடான பாதையில் ரிஜிட் நம் வேகத்தைக் குறைக்கிறது, ஆனால் சுவாரசியத்தைக் குறைப்பதில்லை.

கொங்குப் பக்கம் இட்டேரி என்று சொல்வோம். இரண்டு பக்கமும் வேலி, நடுவில் வண்டித்தடம். கல்லும் குழியும் வேரும் கருவேல முள்ளுமாக இருக்கும். அதில் ஹார்ட்டெயிலை எடுத்துக்கொண்டு போனால் 24 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறைவாகப் போவது சலிப்பாக இருக்கிறது. பாதையில் வேலையே இல்லாதது போலத் தோன்றுகிறது. அதே இட்டேரியில் ரிஜிட் 12 கிலோமீட்டரில் போகும்போதே கை நிறைய வேலை. அந்தக் கல்லுக்கு இடதா வலதா, இந்த வேரில் முன்சக்கரத்தைத் தூக்கணுமா, அங்கே மணல் இருக்கே என்று ஒரு நிமிஷம் சும்மா இருக்க விடாது. பாதையை இன்னும் கடினமாக்க வேண்டியதில்லை, இன்னொரு மலையைத் தேடிப் போக வேண்டியதில்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சாதாரணத் தடமே போதுமானதாகிவிடுகிறது.

12க்கும் 24க்கும் வித்தியாசம் இரண்டு மடங்குதானே என்று தோன்றும். மோதினால் அப்படி இல்லை. வேகம் இரட்டித்தால் சக்தி நாலு மடங்கு, பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரமும் நாலு மடங்கு. இட்டேரி நான் விளையாடுவதற்காகப் போட்டது கிடையாது. அதில் ஆடு ஓட்டிக்கொண்டு வருவார்கள், புல்லுக்கட்டோடு வருவார்கள், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வரும். வளைவில் வேலி மறைக்கும். ஹார்ட்டெயிலில் போகும்போது நான் மணி அடிப்பேன், அவர்கள் ஒதுங்குவார்கள். ரிஜிட்டில் போகும்போது பெரும்பாலும் நான்தான் ஒதுங்குவேன், அதற்கு நேரம் இருக்கிறது. ‘எங்கீங்க போறீங்க’ என்று கேட்டால் பதில் சொல்லிவிட்டே போகலாம்.

இது நம்மூர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. மவுண்டன் பைக் பிறந்த மரினிலேயே 1980களில் நடப்பவர்களுக்கும் குதிரைக்காரர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் கடும் சண்டை வந்தது. டமால்பைஸ் மலையின் பல ஒற்றையடிப் பாதைகள் சைக்கிளுக்கு மூடப்பட்டன. அகலமான மண்சாலைகளில் மணிக்கு 15 மைல், அதாவது 24 கிலோமீட்டர், என்று வேக வரம்பு வந்தது. வளைவிலும் ஆளைக் கடக்கும்போதும் 5 மைல்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. அந்தச் சண்டை வந்த காலத்தில் எல்லா சைக்கிளும் ரிஜிட்தானே? ஆமாம். ரீபேக் சாதனையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 3.4 கிலோமீட்டர், 4 நிமிடம் 22 வினாடி. சராசரி வேகம் மணிக்கு 46 கிலோமீட்டருக்கு மேல். ரிஜிட்டில்தான்! ஆகவே ஷாக்கைக் கழற்றிவிட்டால் ஆள் சாதுவாகிவிடுவான் என்று நான் சொல்ல வரவில்லை. தைரியமும் அகலமான சாலையும் இருந்தால் எதிலும் பறக்கலாம். ரிஜிட் செய்வது இவ்வளவுதான்: பாதை கரடாக இருந்தால், வேகத்தை முடிவு செய்கிற உரிமையில் ஒரு பங்கைப் பாதைக்குக் கொடுக்கிறது. என்னைப் போலச் சுமாராக ஓட்டுகிறவர்களிடம் பெரும்பங்கைக் கொடுக்கிறது. நடப்பவர்களோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டிய பாதைகளில் அது நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து. நம் நாட்டில் கிட்டத்தட்ட எல்லா மண்பாதையும் அப்படிப்பட்டதுதான்.

யாருக்கு எங்கே ஸ்பிரிங்

இட்டேரியில் அடிக்கடி பார்க்கும் பெரியவர் ஒருவர் ஒருநாள் என் சைக்கிளைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: ‘ஏனுங் தம்பி, இத்தன ரூவா குடுத்து வாங்கிருக்கறீங்க, ஒரு ஸ்பிரிங்கு கூட வெக்கலீங்களா?’ அவருடையது கருப்பு நிற ஹெவி டூட்டி சைக்கிள், இரண்டு பக்கமும் பால் கேன். அதன் தோல் சீட்டுக்கு அடியில் கட்டைவிரல் தடிமனில் சுருள் ஸ்பிரிங்குகள்.

பின்ச்சும் பைக்கரும் கேட்ட கேள்வி மறுபடி வருகிறது. அதிர்வு யாருக்கு, எந்த இடத்தில் பிரச்சினை? பால் கேனோடு எழுந்து நின்று ஓட்ட முடியாது. உட்கார்ந்தே ஓட்டுகிற அவருக்கு ஸ்பிரிங் சீட்டுக்கு அடியில் வேண்டும். நின்று ஓட்டுகிற எனக்கு டயரில் போதும். பாறை இறக்கத்தில் பறக்கிறவருக்கு இரண்டு சக்கரத்திலும் ஒரு சாணுக்குக் கிட்ட வேண்டும். மூன்றும் சரியான விடைகள், கேள்விகள்தான் வேறு. இதில் ஒன்றைத் துறவு என்றும் மற்றதைச் சொகுசு என்றும் பிரிப்பதுதான் ரிஜிட் பேச்சில் எனக்குப் பிடிக்காதது. வேறு வழியில்லாமல் குலுங்குகிறவர்களும் உலகத்தில் நிறைய இருக்கிறார்கள். காசு கொடுத்துக் குலுக்கலை வாங்கிக்கொண்டு அதை எளிமை என்று மார்தட்டுவது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. நீங்கள் போகும் பாதை பாறையும் படியுமாக இருந்தால், கையிலோ தோளிலோ வலி இருந்தால், வேகம்தான் உங்களுக்குச் சந்தோஷம் என்றால், நல்ல ஷாக் வாங்குங்கள், யாரிடமும் சமாதானம் சொல்ல வேண்டாம். மண்தடம், வாய்க்கால் கரை, இட்டேரி, உடைந்த தார் ரோடு இவைதான் உங்கள் பாதை என்றால், போகிற வழியில் மனிதர்களும் ஆடுகளும் வருவார்கள் என்றால், பட்ஜெட்டும் குறைவு என்றால், ரிஜிட் போதும். போதும் என்பதற்கு மேலேயே தரும்.

வாங்கினால் முதல் செலவு டயருக்கு. ஃப்ரேமிலும் ஃபோர்க்கிலும் நுழைகிற அளவில் பெரியதாகப் போடுங்கள். ட்யூப்லெஸ்ஸாக மாற்றி உள்ளே பால் ஊற்றுங்கள், கருவேல முள்ளுக்கு அது ஒன்றுதான் பதில். காற்றைக் கடைக்காரர் வைக்கிற மாதிரி கல்லாக வைக்காமல், வீட்டில் பம்ப்பை வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பாருங்கள். ரிம் தரையில் தட்டுகிற சத்தம் ஒருமுறை கேட்கும். அதற்கு இரண்டு பிஎஸ்ஐ மேலே வையுங்கள். அதுதான் உங்கள் ஷாக்.